பழைய எம்ஆர்2-வுக்கு புது என்ஜின்: மலைநாட்டுல வச்சு ஓட்டுறவங்க கேக்குற கேள்விகள்

முதல் மாடல் டொயோட்டா எம்ஆர்2, அதாவது 1984-லருந்து 89 வரைக்கும் வந்த ஏடபிள்யூ11, ரெண்டு சீட்டு, மேல எழும்புற லைட்டு, சீட்டுக்குப் பின்னாடி குறுக்க வச்ச என்ஜின். நம்ம நாட்டுல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, அதுல சிலது கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கம் ஓடுது. இந்த காருக்கு புது என்ஜின் போடுறதப் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு இங்க ஒரே இடத்துல பதில் எழுதுறேன். மேட்டு ரோட்டையும் பனியையும் மழையையும் வச்சு எழுதுனது, கொழும்புல ஓட்டுறவங்களுக்கு சில விஷயம் தேவைப்படாது.

அண்ணே, இருக்கிற 4ஏ-ஜிஈ என்ஜினே நல்லாதானே இருக்கு, அத எதுக்கு கழட்டணும்?

நல்லா இருந்தா கழட்டாதீங்க. 1587 சிசி, 16 வால்வ், ட்வின் கேம், அந்தக் காலத்துல டொயோட்டா செஞ்ச அருமையான என்ஜின்ல ஒன்னு அது. முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டி ஒயில் குடிக்காம இருந்தா டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஒயில் சீல் மாத்திட்டு சந்தோஷமா ஓட்டுங்க. ஆனா நாப்பது வருஷ என்ஜின், ப்ளொக் ஏற்கனவே போர் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டிருப்பாங்க, ஏர் ஃப்ளோ மீட்டர் தேஞ்சிருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் தேடி அலையணும், அந்த நிலைமையில ரீபில்ட் பண்ற காசுக்கு புது என்ஜினே போடலாமேன்னு நெனைக்கிறது நியாயம்தான்.

இன்னொரு காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்துலருந்து 1868 மீட்டர், அங்க காத்தழுத்தம் கீழ இருக்கிறதுல ஏறக்குறைய எம்பது சதவீதம்தான். டர்போ இல்லாத எந்த என்ஜினும் அந்த அளவுக்கு சக்தி இழக்கும். 120 சொச்சம் குதிரை சக்தி கொடுக்கிற 4ஏ-ஜிஈ மேல வரும்போது நூறுக்கும் கீழ இறங்கிடும். இன்ஜெக்ஷன் சிஸ்டம் பெற்றோல் அளவ சரி பண்ணிக்கும், ஆனா இல்லாத காத்த அது எங்கருந்து கொண்டு வரும். அதனாலதான் மலையில இருக்கிறவன் கொஞ்சம் பெரிய என்ஜின் கேக்குறான், வேகத்துக்கு மட்டும் இல்ல.

அப்ப எந்த என்ஜின் போடலாம்?

என் மனசுல முதல் இடம் டொயோட்டாவோட 2-இசட்-இசட். 1796 சிசி, செலிக்கா, கொரோலா ரன்எக்ஸ் மாதிரி கார்ல 1999-லருந்து வந்தது, ஜப்பான் கணக்குல 190 குதிரை சக்தி. ரெவ் 6000-த்தத் தாண்டினதும் கேம் வேற லிஃப்ட்டுக்கு, அதாவது வால்வ இன்னும் பெருசா திறக்குற நிலைக்கு மாறும், அந்த சத்தத்த தேயிலைத் தோட்டத்து நடுவுல ஒரு தடவை கேட்டா விடமாட்டீங்க. ப்ளொக் அலுமினியம், அதனால பழைய இரும்பு ப்ளொக் 4ஏ-ஜிஈ-ய விட பின்னாடி கனம் ஏறாது, நான் இத முதல்ல வைக்கிறதுக்கு முக்கிய காரணமே இதுதான். லோட்டஸ் கம்பெனியே 2004-ல எலீஸ் காருக்கு இதே என்ஜின போட்டாங்க, அதுவும் நடு என்ஜின் கார்தான்.

குறை இல்லாம இல்ல. லிஃப்ட் மாத்துற பகுதியில ஒரு போல்ட் இருக்கு, ஆரம்ப வருஷ என்ஜின்கள்ல அது உடையும், உடைஞ்சா லிஃப்ட் வராது, 6000-க்கு மேல என்ஜின் செத்த மாதிரி இருக்கும். புது டிசைன் போல்ட் வாங்கி என்ஜின் வெளிய இருக்கும்போதே மாத்திடுங்க, சின்ன செலவு. அடுத்தது ஒயில் பம்ப், கியர இறக்கும்போது தப்பான கியர்ல விழுந்து ஓவர் ரெவ் ஆனா பம்ப் உடையும், பம்ப் போனா என்ஜின் போச்சு. நீளமான வளைவுல ஒயில் ஒரு பக்கம் ஒதுங்குறதும் இதுல தெரிஞ்ச பிரச்சினை, ஒயில் தேங்குற சம்ப்புக்குள்ள தடுப்பு தகடு போடுறது நல்லது, ஒயில் அளவு எப்பவும் மேல் கோட்டுலயே இருக்கணும்.

சத்தம் வேணாம், தெனமும் டவுனுக்குப் போய் வர நிம்மதியா ஓடினா போதும்ங்கிறவங்களுக்கு 1-இசட்-இசட். 1794 சிசி, எம்ஆர்2-வோட கடைசி தலைமுறையில டொயோட்டாவே இதத்தான் போட்டாங்க. கீழ் ரெவ்ல நல்லா இழுக்கும், மேட்டுக்கு அது சுகம். ஆரம்ப வருஷத்து என்ஜின் பிஸ்டன் ரிங் பிரச்சினையால ஒயில் குடிக்கும், அத மட்டும் பாத்து வாங்குங்க.

கூட ஒன்னு, 20 வால்வ் 4ஏ-ஜிஈ. ஏஈ101, ஏஈ111 கொரோலா லெவின்ல வந்தது, 160, 165 குதிரை. அதே ப்ளொக் குடும்பங்கிறதால கியர் பொக்ஸ், மவுண்ட் எல்லாம் பெருசா வெட்டாம ஒத்துப்போகும். காரோட பழைய குணம் மாறக்கூடாதுன்னு நெனைக்கிறவங்களுக்கு இதுதான் சரி.

ஹொண்டா கே20 போட்டா என்ன? எல்லாரும் அதத்தானே சொல்றாங்க.

அருமையான என்ஜின், டைப் ஆர்ல வந்த கே20ஏ 220 குதிரை. பழைய பி சீரிஸ் ஹொண்டா எதிர்ப் பக்கம் சுத்தும், கே சீரிஸ் டொயோட்டா சுத்துற பக்கமே சுத்தும், அதனால செய்ய முடியும். ஆனா மவுண்ட், ட்ரைவ் ஷாஃப்ட், கியர் கேபிள், எக்ஸோஸ்ட், எல்லாமே புதுசா செய்யணும். வெளிநாட்டுல ரெடிமேட் கிட் கிடைக்குது, அத இறக்கிற செலவும் வரியும் சேர்ந்தா நம்ம கைக்கு எட்டாது. ஹட்டன்ல நடுரோட்டுல நின்னா டொயோட்டா சென்சர் அடுத்த கடையிலயே கிடைக்கும், இதுக்கு கொழும்புலருந்து பஸ்ஸுல பார்சல் வரணும். நான் டொயோட்டா பக்கம்தான்.

டர்போ? மலையில டர்போதான் நல்லதுன்னு சொல்றாங்களே?

உயரத்துல இழக்கிற காத்த டர்போ திருப்பிக் கொடுக்கும், அது உண்மை. ஆனா டொயோட்டாவோட டர்போ என்ஜின் 3எஸ்-ஜிடிஈ இரும்பு ப்ளொக், கனம், அந்த சின்ன கார்ல பின்னாடி அவ்வளவு கனம் போட்டா வளைவுல அது காட்டும். டர்போ காத்த ஆத்துற இன்டர்கூலருக்கு வெளிக் காத்து கொண்டு வர்றதும் நடு என்ஜின் கார்ல பெரிய தலைவலி. ஏப்ரல் சீசன்ல மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் ஓடப்போறவங்க யோசிக்கட்டும், ரோட்டுக்கு வேணாம்.

என்ஜின் எங்க வாங்கலாம், எப்படி பாத்து வாங்குறது?

கொழும்பு பஞ்சிகாவத்தை போனா ஜப்பான்லருந்து வந்த ரீகண்டிஷன் என்ஜின் வரிசையா இருக்கும், கண்டி பக்கமும் கடைகள் இருக்கு. தனி என்ஜின விட கியர் பொக்ஸ், வயரிங், ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்), சாவி எல்லாம் சேர்ந்த ஹாஃப் கட்டா எடுக்க முடிஞ்சா அதையே எடுங்க, காசு கூடன்னாலும் அப்புறம் துண்டு துண்டா தேடி அலையுற செலவுக்கு அது குறைவு. கடைக்காரன் வயரிங்க கத்தரியால வெட்டி வச்சிருந்தா அத வாங்காதீங்க. பவர் விண்டோ வயர் வெட்டினா பரவாயில்ல, ஈசியு பிளக்குலருந்து இன்ஜெக்டர் வரைக்கும் ஒரு வயர் கூட வெட்டுப்படாம இருக்கணும். இமொபிலைசர் இருக்கிற மாடல்னா சாவியும் அந்தப் பெட்டியும் சேர்ந்து வரணும், இல்லன்னா என்ஜின் சுத்தும், ஸ்டார்ட் ஆகாது.

ஒயில் மூடிய கழட்டி டோர்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள தேன் கலர்ல இருந்தா நல்லது, கறுப்பா தார் மாதிரி ஒட்டியிருந்தா ஒயில் மாத்தாம ஓடுன என்ஜின், விட்டுட்டு வாங்க. கிராங்க் புல்லிய ஸ்பானரால ரெண்டு சுத்து சுத்த விடச் சொல்லுங்க. விடமாட்டேன்னா அடுத்த கடை. பில்லும் இறக்குமதி பேப்பர் நகலும் கேட்டு வாங்குங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

பொருத்துறது கஷ்டமா? நம்ம ஊர் வெல்டிங் பாஸ் செய்வாரா?

செய்வார், ஆனா பக்கத்துல நின்னு அளவு காட்டணும். என்ஜினும் கியர் பொக்ஸும் ஒன்னா சேர்த்து கீழருந்து தூக்கி, ட்ரைவ் ஷாஃப்ட் போற துவாரம் வீல் நடுவுக்கு நேரா வர்ற மாதிரி முதல்ல நிறுத்துங்க. அத வச்சுதான் மத்த எல்லாம். ஷாஃப்ட் கோணம் கூடினா ஜொயின்ட மூடுற ரப்பர் பூட் கிழியும், ஜொயின்ட் தட்டும். இடம் சரியான பிறகு அட்டை வெட்டி மவுண்டுக்கு மாதிரி செஞ்சு, அத வச்சு தகடு வெட்டி, புள்ளி வெல்ட் மட்டும் போட்டு, என்ஜின இறக்கி, அப்புறம் முழு வெல்ட். என்ஜின் உள்ள இருக்கும்போது முழு வெல்ட் அடிக்க விடாதீங்க. ஈசியுவும் பேட்டரி வயரும் கழட்டாம வெல்டிங் மெஷின ஓன் பண்ணவே விடாதீங்க. கியர் பொக்ஸ் என்ஜினோட வந்ததே போடுங்க, கியர் மாறுறது கேபிள்லதான், முனைய மட்டும் மாத்தி செஞ்சா போதும். ட்ரைவ் ஷாஃப்ட் பெரும்பாலும் ரெண்டு காரோட துண்ட சேர்த்து செய்யணும், இத மட்டும் நல்ல லேத்துல கொடுங்க, விலை பேசாதீங்க.

கம்பளையிலருந்து ரம்பொடை ஏறினா சூடு ஏறுமா?

எனக்கு வர்ற கேள்விலயே முக்கியமானது இது, இத படிக்காம என்ஜின் வாங்கப் போகாதீங்க.

இந்த கார்ல ரேடியேட்டர் முன்னாடி, என்ஜின் பின்னாடி, நடுவுல காரோட அடிவயித்துல ரெண்டு நீண்ட பைப் ஓடுது. நாப்பது வருஷமா சேறும் கல்லும் அடிச்ச பைப். உள்ள துரு, வெளிய நசுங்கல். ரம்பொடை ரோட்டுல ஒரு லொறிக்குப் பின்னாடி ரெண்டாம் கியர்ல ஊர்ந்து போறப்ப முன்னாடி காத்து வேகமே இல்ல, என்ஜினோ முழு மூச்சுல வேலை செய்யுது. அப்ப ரேடியேட்டர காப்பாத்துறது ஃபேன் மட்டும்தான். அதனால புது அலுமினிய ரேடியேட்டர், ரெண்டு நல்ல ஃபேன், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இடைவெளி இல்லாம மூடுற கவசம், இந்த மூனும் என்ஜின் வாங்குற காசுலயே சேர்த்து கணக்கு பண்ணுங்க. பைப்ப கழட்டி உள்ள தண்ணி அடிச்சுப் பாருங்க, சந்தேகம் இருந்தா ஸ்டெய்ன்லெஸ் பைப் போடுங்க.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், நுவரெலியாவுல திறந்த பானையில தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். என்ஜினோட தெர்மோஸ்டட் திறக்குறதே 82 கிட்ட. நடுவுல எவ்வளவு கொஞ்சம் இடம்னு பாருங்க. 0.9 பார் மூடி அழுத்தத்த பிடிச்சு வச்சாதான் அந்த கொதிநிலை 115 கிட்ட போகும். அப்ப ரப்பர் காஞ்ச பழைய மூடியோட கொழும்புல எப்படியோ ஓடுற கார் ரம்பொடையில ஆவி விடுறதுக்கு காரணம் புரியுதுல்ல. மூடி ரொம்ப சின்ன செலவு, அத மாத்தாம ஹெட் காஸ்கட் மாத்துறவங்கள பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

சரி, எல்லாம் போட்டாச்சு, அப்புறமும் சூடு ஏறுதுன்னா?

காத்து அடைச்சிருக்கும். நீளமான பைப்புங்கிறதால உள்ள காத்து மாட்டிக்கும். முன்னாடி ரேடியேட்டர் பக்கமும் ஹீட்டர் பக்கமும் காத்து விடுற முனை இருக்கு, அதுல தெளிவான ட்யூப் மாட்டி உயரமா தூக்கிக் கட்டி, பின்னாடி மூடி வழியா மெதுவா கூலன்ட் ஊத்துங்க, ட்யூப்ல குமிழி வர்றது நிக்கிற வரைக்கும். ஹீட்டர் முழு சூட்டுல திறந்து இருக்கணும். அவசரப்படக்கூடாது, நடுவுல ரெண்டு மணி நேரம் விட்டுட்டு திரும்ப வந்து பாத்தா மறுபடி குமிழி வரும். அப்புறம் என்ஜின ஓட விட்டு, தெர்மோஸ்டட் திறந்த பிறகு காருக்கு அடியில ரெண்டு பைப்பையும் கையால தொட்டுப் பாருங்க. ஒன்னு கை வைக்க முடியாத சூடு, ஒன்னு குளிர்ந்து இருந்தா இன்னும் காத்து உள்ள இருக்கு, ரோட்டுல எறக்காதீங்க. ரெண்டும் சூடா, ஒன்னு மட்டும் கொஞ்சம் குறைவா இருந்தா சரி. பச்சைத் தண்ணிய மட்டும் ஊத்தி ஓட்டாதீங்க, அலுமினியம் அரிச்சுப் போகும், கூலன்ட் கலந்தே ஊத்துங்க.

பெற்றோல் பம்ப், வயரிங்?

நாப்பது வருஷ பம்ப நம்பாதீங்க, புது என்ஜினுக்கு மூனு பார் கிட்ட வேணும். பம்ப மாத்தி, ரெகுலேட்டர் ஒன்னு போட்டு, பழைய ரிட்டர்ன் லைனையே பாவிக்கலாம். டேங்க் நடுவுல டனல்ல இருக்கு, இறக்கும்போதே உள்ள துருவ பாத்துடுங்க. ஸ்பீடோ மீட்டர் பழசுல கேபிள், புது கியர் பொக்ஸ்ல சென்சர், அதுக்கு ஒரு வழி பண்ணணும், இல்லன்னா ஈசியு வேகம் தெரியலன்னு செக் லைட் போடும். எக்ஸிலேட்டர் கேபிள்ல வர்ற மாடலா எலெக்ட்ரானிக்கான்னு என்ஜின் வாங்க முன்னயே பாருங்க, எலெக்ட்ரானிக்னா பெடலையும் சேர்த்து எடுக்கணும். ஸ்கேனர் மாட்டுற ஓபிடி பிளக்க சீட்டுக்குப் பக்கத்துல கை எட்டுற இடத்துல வைங்க.

பிரேக் பழையது போதுமா? நாலு பக்கமும் டிஸ்க்தானே?

நாலும் டிஸ்க்தான், புதுசா இருந்தப்ப நல்ல பிரேக்தான். இப்ப கேலிப்பர் பிஸ்டன் துரு, ஹோஸ் வீங்கி உள்ள அடைச்சு, ஃப்ளூயிட் எப்ப மாத்துனதுன்னே தெரியாது. 2023 ஜனவரியில நானுஓயா ரதெல்ல ரோட்டுல நடந்த பஸ் விபத்த நாம யாரும் மறக்கல. அந்த மாதிரி இறக்கத்துலதான் நாம தெனமும் போய் வர்றோம். அதனால புது என்ஜின் ஸ்டார்ட் பண்ண முன்ன கேலிப்பர் ரீபில்ட், புது ஹோஸ், புது டிஸ்க், நல்ல பேட், டொட் 4 ஃப்ளூயிட். புது டொட் 3 205 டிகிரியில கொதிக்கலாம், டொட் 4 230 வரைக்கும் தாங்கும், ஆனா ரெண்டுமே ஈரத்த உறிஞ்சும், உறிஞ்சின பிறகு அந்த எண் ரொம்ப கீழ வந்துடும். நம்ம பனிக்கும் மழைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

நிறைய பேர் கவனிக்காத ஒன்னு, பிரேக் மிதிக்கிற பலத்த கூட்டிக் கொடுக்கிற சர்வோ. பிரேக் சர்வோ வேலை செய்யுறது வெளிக் காத்தழுத்தத்துக்கும் என்ஜின் வெக்யூமுக்கும் உள்ள வித்தியாசத்துல. மேல வெளிக் காத்தழுத்தமே குறைவு, அதனால அதே பெடல கொஞ்சம் பலமா மிதிக்கணும். 20 வால்வ் என்ஜின்னா நாலு தனித்தனி த்ரொட்டில், வெக்யூமும் தடுமாறும், நாலு குழாயையும் ஒரு சின்ன வெக்யூம் டேங்குல சேர்த்து அங்கருந்து சர்வோவுக்கு எடுங்க. பின்னாடிலருந்து முன்னாடி வரைக்கும் ஓடுற வெக்யூம் ஹோஸ், நடுவுல உள்ள ஒரு வழி வால்வ், ரெண்டும் புதுசா போடுங்க. இறக்கத்துல கியர்லயே இறங்குங்க, நியூட்ரல்ல விட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருந்தா இந்த காரத் தொடாதீங்க.

ஈர ரோட்டு வளைவுல பின்னாடி சுத்திடுமா?

சுத்தும், தப்பா ஓட்டினா. கனம் பின்னாடி இருக்கு, வளைவுக்குள்ள போயிட்டு பயந்து எக்ஸிலேட்டர சட்டுனு விட்டா பின்னாடி பிடி விட்டுடும். வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டு, கியர் இறக்கி, வளைவுக்குள்ள எக்ஸிலேட்டர லேசா மிதிச்சபடியே போகணும். லிஃப்ட் ஏறுற ரெவ்வ வளைவு நடுவுல தொடாதீங்க. டயர் நாலும் ஒரே பிராண்ட், ஒரே வயசு. டயர் கோடு ஆழமா இருந்தாலும் ரப்பர் காஞ்சு இறுகியிருந்தா தூக்கிப் போடுங்க. பின் சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாத்தி அலைன்மென்ட் எடுங்க, நாலு வீலுக்கும்.

பனி, மழை என்ஜினுக்குள்ள போகாதா?

என்ஜின் மூடியில சல்லடை இருக்கு, அதுவழியா தண்ணி இறங்கும். கொயில் உக்காரும் ப்ளக் குழியில தண்ணி தேங்கினா மிஸ்ஃபயர். மூடிக்கு அடியில உள்ள தண்ணி வடியுற வழிய சுத்தம் பண்ணுங்க, கொயில் ரப்பர் புதுசா இருக்கட்டும். பின் வீல் ஆர்ச், கீழ் சில், முன் டிக்கி தரை, இந்த இடங்கள்ல துரு இருந்தா என்ஜினுக்கு முன்ன பொடி, அதாவது காரோட கூடு, அதுல வேலை. துருப்பிடிச்ச பொடியில புது என்ஜின் போடுற காசு வீண்.

95 ஒக்டேன் கட்டாயமா?

2-இசட்-இசட் கம்ப்ரஷன் 11.5, 95-தான் சரி. தோட்டப் பக்கத்து ஷெட்டுல 92 மட்டும் இருந்தா அடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க, உயரத்துல தட்டுற குணம் கொஞ்சம் குறையும், ஆனா அதே டேங்கோட கொழும்பு இறங்கி முழுசா மிதிக்காதீங்க. 1-இசட்-இசட்டுக்கு 92 போதும்.

பேப்பர் வேலை?

பதிவுச் சான்றிதழ்ல என்ஜின் நம்பர் இருக்கு, மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல மாத்தியாகணும். என்ஜின் வாங்கின பில்லையும் இறக்குமதி பேப்பரையும் பத்திரமா வைங்கன்னு சொன்னது இதுக்குத்தான், காசு கட்டி என்ஜின வாங்க முன்னயே போய் என்னென்ன வேணும்னு நேர்ல கேட்டுடுங்க. இன்சூரன்ஸுக்கும் எழுத்துல அறிவியுங்க. நம்பர் மாத்தாம ஓட்டி எங்கயாவது முட்டினா நஷ்டஈடும் இல்ல, போலீஸ்ல பதிலும் இல்ல. வருஷா வருஷம் புகைப் பரிசோதனை இருக்கு, கேட்டலிஸ்டையும் ஒக்ஸிஜன் சென்சரையும் கழட்டிப் போடாதீங்க, அது இருந்தா புது என்ஜின் பழச விட சுலபமா பாஸாகும்.

எம்ஆர்2 இல்ல, வேற நடு என்ஜின் கார் இருந்தா?

ஃபியட் எக்ஸ்1/9, போர்ஷ் 914, லோட்டஸ் யூரோப்பா மாதிரி ஒன்னு உங்ககிட்ட இருந்தா என் ஆலோசனை, பழைய என்ஜினையே உயிரோட வைங்க. அந்த கார்கள் இங்க கிடைக்கவே கிடைக்காது. மாத்தித்தான் ஆகணும்னா ஒரிஜினல் என்ஜின், மவுண்ட், போல்ட் எல்லாத்தையும் கிரீஸ் பூசி பெட்டியில வைங்க, சேஸிய வெட்டாம செய்யுற வழிய மட்டும் எடுங்க.

எல்லாம் முடிஞ்சா முதல் ஓட்டம் எங்க?

நுவரெலியான்னா முதல்ல கிரகரி வாவிய சுத்தி, சமதரையில, ஃபேன் ஓன் ஆகி ஓஃப் ஆகுறத ரெண்டு மூனு தடவை கண்ணால பாக்குற வரைக்கும். அப்புறம் ஹக்கல வழியா வெலிமடைக்குப் போய் வாங்க. அதுவும் சரின்னா ரம்பொடை வழியா கம்பளை இறங்கி திரும்ப ஏறுங்க. இறங்குறப்ப பிரேக்கு, ஏறுறப்ப கூலிங்கு, ரெண்டையும் ஒரே ரோடு சோதிச்சிடும். கூட ஒரு ஆள் வேற வண்டியில வரட்டும், தண்ணி ரெண்டு போத்தல், ஸ்கேனர், தீயணைக்கிற சிலிண்டர் கையோட இருக்கட்டும். சூடு 100-த்த தாண்டினா ஓரமா நிறுத்தி ஹீட்டர திறந்து விடுங்க, சூட்டுல மூடிய திறக்காதீங்க. வீட்டுக்கு வந்து ஆறினதும் மவுண்ட் போல்ட் எல்லாத்தையும் டோர்க் ரெஞ்ச் வச்சு மறுபடி பாருங்க, ட்ரைவ் ஷாஃப்ட் பூட்டுக்குப் பக்கத்துல கிரீஸ் தெறிச்சிருக்கான்னு டோர்ச் அடிச்சுப் பாருங்க, கூலன்ட் அளவ அடுத்த நாள் காலையில என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது பாத்து குறைஞ்சத ஊத்துங்க.